செவலையின் இடது காது

மருந்தேற்றிக் கிடத்திய குதிரைக்குக் காது அசையக் கூடாது. செவலைக்கு அசைந்தது. டாக்டர் அருள்மணி வாய் திறந்தபோதெல்லாம் அதன் இடது காது, அவர் குரல் வந்த பக்கமாக மெல்லத் திரும்பி நின்றது.

கொடும்பாளூரை ஒட்டிய புளியந்தோப்பு. காலை பதினொரு மணி. வைக்கோல் பரப்பி, மேலே தார்ப்பாய் விரித்து, நாலு கால்களையும் கயிற்றால் கட்டிக் கிடத்தியிருந்தார்கள். காய்ந்த சாண வாடையும் டிஞ்சர் வாடையும் கலந்து மூக்கில் ஏறின. வண்டிப் பந்தயத்துக்கு வளர்த்த குதிரை. கிட்டே போகிறவர்களையெல்லாம் கடிக்கிறது என்று காயடிக்கச் சொல்லியிருந்தார் அதன் சொந்தக்காரர் நாகராசு. ரத்தம் பார்க்க மாட்டாமல் அவர் கிணற்றடிக்குப் போய்விட, மகள் வைஷ்ணவிதான் குதிரையின் தலையை மடியில் தாங்கி உட்கார்ந்திருந்தாள்.

குதிரைக்கு மூன்று மருந்து சேர வேண்டும். ஒன்று அதைச் சாந்தப்படுத்தும், அடுத்தது நினைவையும் வலியையும் போக்கும், மூன்றாவது உடம்பை அசையவிடாமல் கட்டிப்போடும். முதல் இரண்டும் இல்லாமல் மூன்றாவதை மட்டும் போட்டால் குதிரை கட்டை போலக் கிடக்கும்; வலி ஒரு துளி குறையாது. இருபது வருடம் குதிரை பார்த்தவருக்குத் தெரியாத சங்கதியா இது? பெட்டியைத் திறந்தபோதே முதல் இரண்டு குப்பிகளும் காலி என்று பார்த்தார். விராலிமலைக்குப் போய் எடுத்து வர ஒரு மணி நேரம் ஆகும். கயிறு பிடிக்க வந்த நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்க, மருந்தை மறந்துவிட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மூன்றாவதை மட்டும் ஏற்றினார். பிறகு வழக்கம்போல ஒரு துண்டை நனைத்து அதன் கண்களை மூடினார். வெளிச்சம் பட்டால் மிரளும் என்று ஊருக்குச் சொல்வார். இன்று அந்தக் கண்ணைப் பார்க்க அவருக்கே பயமாக இருந்தது.

"டாக்டர், காது திரும்புதுங்க. இது முழிச்சிருக்கு," என்றாள் வைஷ்ணவி.

"அது நரம்பு இழுக்குறதும்மா. சொகமாத் தூங்குது அது."

"துண்டுக்கடியில தண்ணி ஒழுகுதுங்களே."

"ஈரத்துண்டுன்னா ஒழுகத்தானே செய்யும்?"

"சுடுதுங்க," என்றாள் அவள், விரலைப் பார்த்தபடி.

இப்போதுகூட நிறுத்தியிருக்கலாம். அருள்மணி நிறுத்தவில்லை. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, குதிரையின் தொடையிடுக்கை நடுவிலிருந்து வெளியே, வட்டம் வட்டமாகத் துடைத்தார். படித்த நாளிலிருந்து அவர் துடைப்பது அப்படித்தான். கத்தியை வைத்தார்.

இருபது நிமிடம். நடுவில் அதே மருந்தை இன்னும் இரண்டு தடவை ஏற்றினார். ஒரு கனைப்பு இல்லை, ஓர் உதறல் இல்லை. அவர் கையில் எந்தக் குதிரையும் அத்தனை அடக்கமாகக் கிடந்ததில்லை. காது மட்டும் அவர் பக்கம் விறைத்து நின்றது. கயிற்றை அவிழ்த்த பிறகும் செவலை எழுந்திருக்கவில்லை. "தெளிய நேரமாகும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தார். மனைவி ஷர்லி வைத்த மீன்குழம்பை ஒரு பிடியோடு ஒதுக்கினார். கைலியைக் கட்டிக்கொண்டு ஃபேனுக்குக் கீழே மல்லாந்தவர், எப்போது கண்ணயர்ந்தார் என்று தெரியவில்லை.

விழிப்பு வந்தபோது ஃபேன் சத்தம் கேட்டது. தெருவில் ஐஸ் வண்டிக்காரனின் மணி கேட்டது. பார்வைக்கு மட்டும் எதுவும் தட்டுப்படவில்லை. முகத்தின் மேல் ஏதோ ஈரமாக, கனமாகக் கிடந்தது. குதிரை வேர்வை வாடை அடித்தது. எடுத்தெறியப் பார்த்தார். கை வரவில்லை. கால் வரவில்லை.

கூடத்தில் செல்போன் அடித்தது. ஷர்லி எடுத்தாள்.

"சொல்லுங்க நாகராசண்ணே... அய்யோ, எப்ப? எந்திரிக்கவே இல்லையா? இருங்க, அவர எழுப்புறேன்."

கதவு திறந்தது. ஷர்லி! அருள்மணி உயிரைக் கொடுத்துக் கத்தினார். உதடு பிரியவில்லை. இடது காது மட்டும், அவள் குரல் வந்த பக்கமாக, மெல்லத் திரும்பியது.

"வெக்கைக்கு ஈரத்துண்டப் போட்டுக்கிட்டு அசந்து தூங்குறாருண்ணே. சொகமாத் தூங்குறாரு, எழுப்ப மனசு வரல. எந்திரிச்சதும் பேசச் சொல்றேன்."

துண்டுக்கடியில் கண்ணீர் சூடாக இறங்கியது. கதவு சாத்திக்கொண்டது. செருப்புச் சத்தம் தள்ளிப் போனது.

அறைக்குள் மூச்சுச் சத்தம். பெரிய மூச்சு. மிக அருகில்.

ஸ்பிரிட் வாடை.

கைலி விலகியது. குளிர்ந்த பஞ்சு ஒன்று அவர் தொடையிடுக்கில் பட்டு, நடுவிலிருந்து வெளியே, வட்டம் வட்டமாக, நிதானமாகத் துடைக்கத் தொடங்கியது.