இருபது சுகமான பெண்கள்

செவ்வாய்க்கிழமை காலை பதிவுப் புத்தகத்தைத் திறந்த ஞானரட்ணம், ஏழாவது வரியில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தான். 'லூர்தம்மா, எல்கடுவ, வயது 41.' பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது போல வட்ட வட்டமான எழுத்து. ஒரு நாளைக்கு நாற்பது பேர் வந்து போகிற இரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு ஒரு லூர்தம்மா வருவதில் என்ன அதிசயம்? ஆனால் எல்கடுவ லூர்தம்மா என்று ஒருத்தி உலகத்திலேயே கிடையாது. அவளை உண்டாக்கியவனே ஞானரட்ணம்தான். போன வருசம் அவளுக்கு நாற்பது வயது என்று எழுதியிருந்தான். இப்போது ஒரு வயது கூடியிருந்தது.

"றஸ்மியா, இது யாரு?"

வரவேற்பு மேசையில் இருந்த றஸ்மியா எட்டிப் பார்த்தாள். "காலையிலயே வந்து வாங்குல இருந்தாங்க சேர். ரிசல்ட் எடுக்க வந்தேன்னாங்க. ஒரே இருமல். தண்ணி எடுத்துட்டு வாறதுக்குள்ள போயிட்டாங்க."

"மொகம் எப்படி இருந்திச்சு?"

"முந்தானையால வாயப் பொத்திக்கிட்டே இருந்தாங்க சேர். சரியாத் தெரியல்ல."

அவன் போய், வந்தவர்கள் உட்காரும் அந்த வாங்கில் கையை வைத்துப் பார்த்தான். பலகை இன்னும் சூடாக இருந்தது. பக்கத்துக் கடையில் காயும் கராம்பும் சாதிக்காயும், உள்ளேயிருந்து வரும் ஸ்பிரிட்டும் எப்போதும் மணக்கிற இடம் அது. அன்றைக்கு அவற்றுக்கெல்லாம் மேலே வேறொரு வாசம் நின்றது. ஈர விறகு எரிந்த புகை. அவன் மனைவி அஞ்சலாவின் சேலையில் இருபத்தோரு வருசம் அவன் முகர்ந்த வாசம். அவளைப் புதைத்து நாலு மாதம் ஆகிறது.

புகை வாசத்தைப் பிடித்துக்கொண்டு மனசு போன வருசத்துக்கு ஓடியது. நுரையீரல் புற்றுநோய் எக்ஸ்றே படத்தில் தெரிவதற்கு முன்பே, இருமல்கூட வருவதற்கு முன்பே, இரத்தத்தில் சில புரதங்கள் கூடிவிடுமாம். விறகடுப்புப் புகையில் வாழும் தோட்டத்துப் பெண்களிடம் அதை நேரத்தோடு கண்டுபிடிக்க முடியுமா என்று ஒரு பேராசிரியர் ஆராய வந்தார். மருந்துக்கடைக்கு மேல்மாடியில் பதுர்தீன் ஹாஜியார் நடத்திய இந்த நிலையத்துக்கு அந்த வேலை கிடைத்தது. முதலில் இருபது சுகமான பெண்களின் இரத்தத்தை எடுக்க வேண்டும். அவர்களுடைய அளவை வைத்து ஒரு கோடு கிழிக்க வேண்டும். கோட்டுக்கு மேலே போகிறவர்களைப் படம் பிடிக்க அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இருமல்காரர்கள் வந்தார்கள். சுகமானவர்கள்தான் வரவில்லை. இராணுவச் சுற்றிவளைப்பும் விசாரணையுமாக இருந்த காலம். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் என்று கேட்டதுமே தோட்டத்து லய வீடுகளின் கதவுகள் சாத்திக்கொண்டன. நோயில்லாத எங்க ரத்தம் எதுக்கு, பேரு எந்த லிஸ்டுக்குப் போகுது என்று கேட்டார்கள்.

"எங்கிட்டயே எடுங்களேன்," என்றாள் அஞ்சலா. "ஒரு காச்சல்னு படுத்திருக்கேனா? இருவது டியூப்புக்குத் தாங்க மாட்டேனா?"

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், பூசை முடிந்து வந்து, வீட்டுக் குசினி மேசையில் வைத்து எடுத்தான். அவளுடைய இடது முழங்கையின் உள்பக்கம் ஒரு மச்சம். அதற்குக் கீழேதான் நரம்பு நன்றாகத் தெரியும். எடுக்க எடுக்க அவள் பெயர் சொன்னாள். லூர்தம்மா, செபமாலை, சந்தனமேரி என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு ஊரும் வயதும் வைத்து, ஒருத்திக்குக் குடிகாரப் புருசனையும் வைத்துச் சிரித்தாள். இருபதாவது டியூப்பை அவளே கையில் வாங்கிப் பார்த்தாள்.

"டொறீன்னு போடுங்க. வயசு பத்தொம்பது."

அவர்களுக்கு ஒரே ஒரு பிள்ளை பிறந்தது. மூச்சில்லாமல் பிறந்தது. அதற்கு வைத்திருந்த பெயர் அது. அவன் எழுதினான்.

இருபது அளவுகளும் ஒன்றுபோல வந்ததால் கொஞ்சம் முன்பின்னாக மாற்றிப் பதிந்தான். வெளிநாட்டில் சொல்வதைவிட அளவு கூடத்தான் இருந்தது. அடுப்புப் புகையில் இருப்பவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று பேராசிரியர் எழுதிவிட்டார். கோடு விழுந்தது. பிறகு நூற்று நாற்பத்து மூன்று பெண்கள் வந்தார்கள். ஐந்து பேரைத் தவிர மற்ற எல்லோரும் கோட்டுக்குக் கீழே. ஒன்னும் இல்லம்மா, நோர்மல் என்று அவன் தன் வாயாலேயே சொல்லி அனுப்பினான்.

தை மாதம் அஞ்சலா இருமத் தொடங்கினாள். முதலில் ஒன்று, சின்ன இடைவெளி, பிறகு சேர்ந்தாற்போல இரண்டு. முடிந்ததும் தொந்தரவு செய்துவிட்டவள் போல ஒரு 'ம்'. ஆடியில் போய்ச் சேர்ந்தாள். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகு, மிச்சம் வைத்திருந்த அவளுடைய டியூப் ஒன்றை, புதுப் பரிசோதனைப் பெட்டியோடு வந்த, சுகமான இரத்தத்தின் வெளிநாட்டு ஒப்பீட்டு மாதிரியோடு வைத்துப் பார்த்தான். மூன்று மடங்கு. இருமலுக்கு எத்தனையோ மாதம் முன்பே அவளுடைய இரத்தம் சொல்லியிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, இதுதான் சுகம் என்று அவன் ஊருக்கே கோடு கிழித்திருக்கிறான்.

அன்றைக்கே அவன் சொல்லியிருக்க வேண்டும். எல்லோரையும் திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம், பாதிப் பேரையாவது காப்பாற்றியிருக்கலாம். ஆனால் சொன்னால் அஞ்சலாவைச் சாகவிட்டது யார் என்பதும் சேர்ந்து வெளியே வரும். டியூப்பைத் திரும்பவும் குளிர்ப்பெட்டிக்குள் வைத்து மூடினான்.

புதன்கிழமை புத்தகத்தில் நாலு பெயர். வியாழன் ஆறு. வெள்ளி எட்டு. எல்லாம் அதே வட்ட எழுத்து. றஸ்மியா ஒவ்வொரு முறையும் இருமலைத்தான் கேட்டாள், ஆளை வடிவாகப் பார்க்கவில்லை. வெள்ளி மாலை அவன் எண்ணினான். பத்தொன்பது. எந்தப் பெயர் மிச்சம் என்று அவனுக்குத் தெரியும்.

சனிக்கிழமை அழகம்மா வந்தாள். உயிரோடிருக்கிற, எல்கடுவத் தோட்டத்து அழகம்மா. பொலித்தீன் பையிலிருந்து அவன் போன வருசம் நோர்மல் என்று எழுதிக் கொடுத்த காகிதத் துண்டை எடுத்து நீட்டினாள்.

"ஐயா, இத சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருக்கேன். ஆனா இருமல் விட மாட்டேங்குது. டாக்டரு படம் புடிக்கச் சொன்னாரு. நாந்தான், லேப்பு ஐயாவே ஒன்னுமில்லன்னுட்டாரு, எதுக்குன்னு போகல. இன்னொரு தடவ பாத்துச் சொல்லுங்க, போதும்."

அவன் துண்டை வாங்கினான். சொல், சொல் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இப்போதே போங்க, நாளைக்கு வைக்காதீங்க என்ற ஒரு வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்த அந்த வார்த்தைக்குப் பின்னால் அஞ்சலாவின் முகமும் வந்தது.

"ஒன்னும் இல்லம்மா. மழைச் சளி."

அவள் நிம்மதியாகச் சிரித்தாள். அவனுக்காக வேண்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு படியிலும் நின்று இருமி இருமி இறங்கிப் போனாள். துண்டு அவன் கையிலேயே தங்கிவிட்டது. சட்டைப் பையில் வைத்தான்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு, மழை ஊற்றிக்கொண்டிருந்தபோது, நிலையத்தைத் திறந்தான். இருபது டியூப்புகளையும் ஊற்றிக் கழுவிவிட்டால் இது முடிந்துவிடும் என்று நினைத்தான். கீழ்க்கதவை உள்ளே பூட்டிவிட்டுத்தான் ஏறினான். தகரக் கூரையில் மழை கொட்டியது, தெருவில் ஒரு பஸ் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது, மருந்துக்கடையின் பூட்டிய இருட்டிலிருந்து டெட்டோல் வாசம் படியேறி வந்தது. குளிர்ப்பெட்டியின் முனகல் மட்டும் துணைக்கு இருந்தது. பகல் இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. அந்த முனகலும் நின்றது.

டியூப்புகளை வெளியே எடுத்தான். உறைந்து கல்லாக இருக்க வேண்டியவை. சூடாக இருந்தன. இப்போதுதான் ஒரு கையிலிருந்து எடுத்த சூடு. இரத்தத்திலிருந்து பிரித்து வைத்த வைக்கோல் நிறத் தெளிநீர் மறுபடியும் சிவந்திருந்தது.

வெளியே ஓர் இருமல்.

சின்ன இடைவெளி. பிறகு இரண்டு.

ம்.

வாங்கின் மறுமுனையில் அதே இருமல். அதற்கும் அப்பால் இன்னொன்று. ஒன்று முடிய ஒன்று. சுவரைத் தாண்டிப் புகை வந்தது. ஈர விறகு.

அவன் கதவைத் திறந்தான்.

நாலு வாங்குகளும் நிறைந்திருந்தன. முந்தானைகள் வாயில். எல்லோரும் இடது கையை மடியில் நீட்டி வைத்திருந்தார்கள். எல்லா முழங்கையிலும் ஒரே மச்சம்.

"லூர்தம்மா," என்றான். குரல் காற்றாக வந்தது.

முதலாமவள் முந்தானையை இறக்கினாள். அஞ்சலா. கடைசி மாதத்து எலும்புக்கூடு இல்லை. குசினி மேசையில் பெயர் வைத்துச் சிரித்த அஞ்சலா. அடுத்தவளும் இறக்கினாள். அடுத்தவளும். பத்தொன்பது அஞ்சலா.

"ரிசல்ட் வந்திருச்சாங்க?"

அவனுக்கு அழுகை வந்தது. ஓடத் தோன்றவில்லை. அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க அவன் என்னவெல்லாம் கொடுத்திருப்பான்.

கடைசி வாங்கின் மூலையில் ஒரு பெண்பிள்ளை. வெள்ளைச் சட்டை. மடியில் பதிவுப் புத்தகம். அவனுடைய புருவம், அஞ்சலாவின் நாடி. வட்ட வட்டமாக எழுதிக்கொண்டிருந்தாள். 'டொறீன், வயது 20.' எழுதி முடித்துத் தலையை நிமிர்த்தினாள். இருமினாள். சின்ன இடைவெளி. பிறகு இரண்டு.

"அப்பா. எங்களுக்கு ஒன்னுமில்லதானே?"

சொல்.

சட்டைப் பையில் அழகம்மாவின் துண்டு. சொல்.

வாயைத் திறந்தான்.

"ஒன்னும் இல்ல மகள். நோர்மல்."

பிள்ளை நிம்மதியாகச் சிரித்தாள். நேற்று அழகம்மா சிரித்த அதே சிரிப்பு. பிறகு குனிந்து, அடுத்த வரியில், அழகம்மா, எல்கடுவ என்று எழுதத் தொடங்கினாள். வாங்கில் இருந்த பத்தொன்பது பேரும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஓர் ஆளுக்கு இடம் விட்டார்கள். கீழே, அவன் பூட்டிவிட்டு வந்த கதவுக்கு உள்பக்கம், மரப்படியில் யாரோ ஒவ்வொரு படியிலும் நின்று இருமி இருமி ஏறி வந்தார்கள்.