பதினோரு நிமிடக் குறட்டை

துருவி என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வீட்டில் ஒட்டிக்கொண்ட பெயர்.

விமானக் கம்பெனிகளோடு மல்லுக்கட்டுவதுதான் அவள் அம்மாவின் வேலை. விமானம் தாமதமாகித் தவித்த பயணிகளுக்கு இழப்பீடு வாங்கித் தருவார். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ்.

அன்று தெருமுனைத் தையல்காரர் வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"மத்தியானம் ஒரு மணிக்கு வரவேண்டிய விமானம்மா. லேட்டா வந்ததுல, பொண்ணோட நாடகத்தைக் கோட்டை விட்டுட்டேன். நான் எங்கயோ தூங்கிட்டேன்னு அவ பேசவே மாட்டேங்கிறா. பணம்கூட அப்புறம். தப்பு அவங்க மேலன்னு எழுதி வாங்கிக் கொடுங்க."

மகளையும் குறை சொல்ல முடியாது. மனிதர் பொத்தான் தைக்கும்போதே தூங்குவார்.

அம்மா கம்பெனியின் கடிதத்தைக் காட்டினார். "மூணு மணி நேரம் லேட்டானாத்தான் இழப்பீடு. மூணு அம்பத்தஞ்சுக்கே தரையிறங்கிட்டோம்னு கைவிரிச்சுட்டாங்க. ஆனா, கதவு திறந்த நேரம்தான் கணக்கு. எப்போ திறந்தாங்க?"

"எனக்கெப்படித் தெரியும்? தூங்கிட்டேனே."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மாமா, தரையிறங்கினதும் யார்கிட்டயாவது பேசினீங்களா?" என்று கேட்டாள் துருவி.

"பொண்ணுக்குப் போன்ல பேசிப் பதிவு பண்ணி அனுப்பினேன். அவ கேக்கவே இல்ல. என் போனும் துணி ஊறவச்ச வாளியில விழுந்து செத்துப்போச்சு."

தையல்காரர் மகள் துருவியின் வகுப்புதான். துருவி அவள் வீட்டுக்கு ஓடினாள்.

"அவருக்கு வக்காலத்து வாங்க வந்தியா?"

"இல்ல. அந்தப் பதிவை ஒரு தடவை கேளு. அப்புறமா எவ்வளவு வேணாலும் கோவிச்சுக்கோ."

வேண்டாவெறுப்பாக அவள் பதிவைத் தட்டினாள்.

"கண்ணு, விமானம் இப்பதான் தரையிறங்குச்சு. கதவு இன்னும் திறக்கல. உன்னை மேடையில பாக்க..."

அதற்குப் பிறகு குறட்டை. பதினோரு நிமிடத்துக்கு வெறும் குறட்டை. கடைசியில் பணிப்பெண்ணின் குரல்.

"ஐயா, எழுந்திருங்க. இப்பதான் கதவைத் திறந்தோம்."

"கையை நீட்டுங்க, அளவெடுக்கணும்" என்றது தையல்காரர் குரல்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது. "பாவம் அப்பா. வரணும்னுதான் இருந்திருக்காரு."

துருவி பதிவு வந்த நேரத்தைப் பார்த்தாள். நாலு மணி ஏழு நிமிடம்.

அந்தக் குறட்டையை அம்மா அப்படியே கம்பெனிக்கு அனுப்பி வைத்தார். மூன்றாம் வாரம் இழப்பீடும் மன்னிப்புக் கடிதமும் வந்தன. கடிதத்துக்குச் சட்டம் போட்டுத் தையல்காரர் கடையில் மாட்டினார்.

அன்று மாலை அந்தக் கடையிலேயே, அப்பாவுக்காக மகள் முழு நாடகத்தையும் நடித்தாள். ராஜாவும் அவளே, குதிரையும் அவளே. தையல்காரர் தூங்கினால் முகத்தில் தெளிக்க, ஒரு சொம்புத் தண்ணீரோடு துருவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

நாடகம் முடிந்ததும் அந்தத் தண்ணீரைக் குதிரைதான் குடித்தது.