நிழலூரில் இன்னொரு வாத்தியார்

கோபால்சாமி வாத்தியார் ஆலங்காயம் பஸ்ஸில் மலையேறி வந்து இறங்கியபோது கக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. கப்பலில் வேலை பார்க்கும் மச்சினன் கொடுத்தது. வார நாட்களில் தனியே தங்கும், பள்ளிக்கூடத்தை ஒட்டிய பழைய ஓட்டு வீட்டில் அதைப் பிரித்தார். ஒரு புத்தகம், இருபது முகம் கொண்ட பகடை. ஒருவர் கதை சொல்ல, மற்றவர் பகடை உருட்டி அந்தக் கதைக்குள் நடக்க வேண்டுமாம். அதில் ஒவ்வோர் ஊருக்கும் அடியில் இருண்ட நிழலூர் ஒன்று உண்டு. இங்கே நல்லவர் அங்கே கெட்டவர். இங்கே வலக்கை, அங்கே இடக்கை.

புத்தகத்து ஊர்ப்பெயர் வாயில் நுழையாததால் வாத்தியார் நம்ம ஊரையே வரைந்துகொண்டார். ஆட்களையும்தான். நிழலூரில், சத்துணவு சமைக்கும் பச்சையம்மா எண்ணெய்த் திருடி.

எதிரே உட்கார்ந்து ஆடிய கம்பவுண்டர் தங்கவேல் கேட்டார்: "உங்க நிழல் எங்க சார்? போடவே இல்லியே."

"எனக்கு எதுக்குய்யா?"

"போட்டா ரொம்ப யோக்கியனா வந்துடுவான்னு பயமா?"

வாத்தியார் சிரித்து வைத்தார். பள்ளிக்கூடத்து எண்ணெய் டின் இரண்டு, சாக்கில் சுற்றி, அவர் கட்டிலுக்கடியில்தான் இருந்தன.

தங்கவேலின் வாய் சும்மா இருக்குமா? ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்களிடம் பச்சையம்மா திருடி என்று விளையாட்டாகச் சொன்னது வாரம் திரும்புவதற்குள் நிஜமாகிவிட்டது. டின்களைக் காணோம் என்றதும் ஊரே பச்சையம்மாவைப் பார்த்தது. வெள்ளிக்கிழமை உச்சிவேளையில் கோயில் முன்னால் அவள் சாமை அள்ளிச் சத்தியம் செய்ய வேண்டும். ஒரு மணி சிந்தினாலும் வேலை போச்சு, ஊரும் போச்சு.

அவளுக்கோ கைநடுக்கம். வாத்தியாருக்கும் அது தெரியும். தெரிந்தும் அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார்.

உச்சிப்பொழுது. வெளியே சில்வண்டுச் சத்தம் சட்டென்று நின்றது. கட்டிலுக்கடியிலிருந்து எண்ணெய் வாடை மெல்ல ஏறியது.

மேசைமேல் பகடை உருண்டது.

யாரும் தொடவில்லை.

குனிந்து பார்த்தார். டின்கள் இல்லை. வாசலில் விட்ட செருப்பும் இல்லை.

வெறுங்காலோடு கோயிலுக்கு ஓடினார். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பச்சையம்மா கும்பிட்டாள்.

"இன்னா சார், மறுபடியும் வர்றீங்க? அதான் டின்னையும் கொண்டாந்து வச்சி, நான்தான் எடுத்தேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டீங்களே. பெரிய மனசு சார் உங்களுக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சாமைய மட்டும் எடது கையில அள்ளியிருக்க வேணாம்."

திருடியதற்குக்கூட வாத்தியார் அப்படிக் கூசியதில்லை. அந்தக் கும்பிடுதான் அவரைச் சுட்டது. தலை நிமிராமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

ஆலங்காயத்தில் வீட்டு வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது.

மனைவி வசந்தி கதவைத் திறந்தாள். அழுது சிவந்த கண்கள். அவரைப் பார்த்தாள். திரும்பி உள்ளே பார்த்தாள்.

உள்ளேயிருந்து அவர் குரலே கேட்டது: "யாரு வசந்தி?"

அவள் கதவைப் பாதி சாத்திக்கொண்டே மெல்லச் சொன்னாள்:

"நீங்க சொன்ன ஆளுதாங்க. வந்துட்டாரு."