சிவப்பு விளிம்பு

ஆம்பூர் பஜாரில் இருந்த அந்த ஸ்டூடியோவுக்குச் சம்பூர்ணம் வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தவள், முந்தானைக்குள் பொத்தி வைத்திருந்த ஒரு படத்தை எடுத்து, அங்கே படங்களைத் திருத்தும் வேலை பார்க்கும் ஜெஸியின் மேசைமேல் வைத்தாள்.

"ஓரத்துல நிக்கிறாளே, அவதாம்மா எம் பொண்ணு. தமிழினி. இவள மட்டும் தனியா பெருசு பண்ணிக் குடு. நாளான்னிக்குக் காரியம்."

ஷூ கம்பெனி ஆண்டு விழாவில் எடுத்த படம். 2008 பொங்கலுக்கு முன்னால் ஸ்டூடியோ முதலாளி ரஷீத் அஹமதுதான் போய் எடுத்துவந்தார். நீலக் கோட்டு போட்ட பெண்கள் மூன்று வரிசை. அத்தனை பேரையும் அடக்க அகன்ற லென்ஸ் மாட்டியிருந்தார். அதனால் பின்னாலிருந்த தூண்கள் வில்லாக வளைந்திருந்தன. நடுவில் இருந்தவர்களுக்குக் குறையில்லை. வலது கோடியில் நின்ற தமிழினியின் முகம் மட்டும், பிசைந்த மாவைப் பிடித்து இழுத்ததுபோல் பக்கவாட்டில் நீண்டிருந்தது. ஒரு கன்னத்தோரம் சிவப்புக் கோடு. மறு கன்னத்தோரம் நீலப்பச்சைக் கோடு.

"வேற படம் இல்லையாம்மா?"

"போட்டோன்னாலே ஓடிடுவா. இது ஒண்ணுதான் இருக்குது. ஆனா இது அவ மூஞ்சி இல்லம்மா."

கம்பெனி வேன் மாதனூர் பக்கம் லாரியில் மோதிய சங்கதி ஊருக்கே தெரியும். உயிர் போனது தமிழினி ஒருத்திக்குத்தான்.

"ஆஸ்பத்திரில துணி சுத்திக் குடுத்தாங்க," என்றாள் சம்பூர்ணம். அழுகை இல்லாத, வறண்ட குரல். "மூஞ்சிய பாக்க வாணாம்னு ஆம்பளைங்க சொல்லிட்டாங்க. அப்படியே பொதச்சிட்டோம். இன்னும் வேன் சத்தம் கேட்டா எழுந்து வாசலுக்குப் போறேன். பாக்கவே இல்லியே, அவதான்னு எப்டி நம்புறது?"

ஜெஸி அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். ரஷீத் ஒரு கல்யாண வேலையாக வாணியம்பாடி போயிருந்தார். அசல் படம் கம்ப்யூட்டரில் இருந்தது. லென்ஸ் கோளாறைச் சரிசெய்யும் பகுதியில் அதைத் திறந்து, திரையில் வளைவை நிமிர்த்தும் குமிழை மவுஸால் மெல்ல நகர்த்தினாள். தூண்கள் நிமிர்ந்தன. நீண்டு கிடந்த கன்னம் சுருங்கி, உருண்டை முகமாகத் திரண்டது.

"வர்றா... வர்றா," என்று சம்பூர்ணம் முன்னால் சாய்ந்தாள்.

"இனி இந்தக் கலர் கோடுதாம்மா. லென்ஸு எல்லாக் கலரையும் ஒரே எடத்துல சேக்கல. செவப்பு கொஞ்சம் தள்ளி விழுந்துருக்கு. இழுத்து ஒட்டிடலாம்."

அப்போது கரண்ட் போனது.

ஸ்டூடியோவுக்கு ஜன்னல் கிடையாது. வாசலில் கறுப்புத் திரை. பட்டப்பகலில் இருட்டு கவிந்தது. யு.பி.எஸ். விட்டுவிட்டுக் கூவ, பழைய புடைத்த மானிட்டர் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

ஜெஸி சிவப்பை நகர்த்தினாள். மற்ற பெண்களின் ஓரங்களிலிருந்து கோடுகள் மறைந்தன.

தமிழினியிடமிருந்து மட்டும் போகவில்லை.

இன்னும் நகர்த்தினாள். கோடு தடித்தது. எதிர்ப்பக்கம் இழுத்தாள். சிவப்பு அவள் உடலைவிட்டு ஒரு விரல்கடை விலகியது. பிறகு இன்னும் கொஞ்சம்.

பிறகு தனியாக நின்றது.

அது கோடு இல்லை. தமிழினியின் உயரத்தில், கோட்டு போட்டு, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும் ஒரு பெண். கழுத்துக்கு மேலே முகம் இல்லை. சுற்றிச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணி இருந்தது.

ஷூ ஒட்டும் பசையின் காட்டமான வாடை அறைக்குள் பரவியது.

"யேசப்பா..." ஜெஸி படத்தை மூடப் போனாள். சம்பூர்ணம் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மூடாத."

"பயமா இருக்குதும்மா."

"எம் பொண்ணுதான். எவ்ளோ இறுக்கமா கட்டிக்கிறானுங்க பாரு. அவுத்து வுடும்மா. ஒன்னக் கும்புடுறேன்."

ஜெஸி குமிழை மறுபடி இழுத்தாள். ஒரு சுற்று தளர்ந்தது. துணியோடு துணி உரசும் சத்தம் கேட்டது. அந்தக் கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் கிடையாது.

சத்தம் அவள் நாற்காலிக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. இன்னொரு சுற்று. உள்சுற்றுகளில் கறை ஏறியிருந்தது. கடைசிச் சுற்று அவிழ்வதற்குள் ஜெஸி கண்களை இறுக மூடிக்கொண்டாள். விரல் மட்டும் இழுத்தது.

சத்தம் நின்றது.

பக்கத்தில் சம்பூர்ணத்துக்கு மூச்சு ஒருமுறை அடைத்துத் திறந்தது. மானிட்டர் கண்ணாடியில் அவள் உள்ளங்கை படிந்தபோது திரையின் மின்னூட்டம் படபடவென்று சின்னதாகப் பொரிந்தது. பிறகு, கைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது பேசுகிற குரலில் சொன்னாள்:

"ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லடி கண்ணு. அம்மா பாத்துட்டேன்."

யு.பி.எஸ். ஓய்ந்து மானிட்டரும் அணைந்தது.

கரண்ட் வந்ததும் ஜெஸி படத்தை மறுபடி திறந்தாள். அவள் எதையும் சேமித்திருக்கவில்லை. தூண்கள் பழையபடி வளைந்தே கிடந்தன. தமிழினி மட்டும் துல்லியமாக இருந்தாள். உருண்டை முகம். சிரிப்பை அடக்கிய உதடு. ஓரத்தில் ஒரு கோடும் இல்லை.

சம்பூர்ணம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாய் கோணியது. அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.

"செத்துட்டாம்மா," என்று தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள். "எம் பொண்ணு செத்துட்டாம்மா."

அவள் என்ன பார்த்தாள் என்று ஜெஸி கேட்கவில்லை. அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு தானும் அழுதாள்.

காரியம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து, மனசு கேட்காமல், பாலாற்றோரம் இருந்த அந்த வீட்டுக்கு ஜெஸி போனாள். பிற்பகல் நேரம். சுவரில் சட்டம் போட்ட தமிழினி படம், சாமந்தி மாலையோடு. அதன்கீழே சம்பூர்ணம் சும்மா உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிந்திருந்தது.

படத்தின் உதட்டுக்கு நேராகக் கண்ணாடியில் ஒரு வெள்ளைத் திட்டு. தூசி என்று நினைத்து ஜெஸி விரலால் துடைத்தாள். போகவில்லை.

மூச்சுக்காற்று பட்டதுபோன்ற அந்த ஈரம் கண்ணாடிக்கு உட்பக்கம் இருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திட்டு ஓரத்திலிருந்து சுருங்கி மறைந்தது. கொஞ்சம் பொறுத்து, மெல்லப் படர்ந்தது. மறுபடி சுருங்கியது.

"அம்மா, இங்க பாரு..." என்று ஜெஸி பதறினாள்.

சம்பூர்ணம் உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா பேசும்மா. இப்பதான் கண்ணசந்தா."