பதினேழாம் நம்பர் மூக்கு

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டே முக்கால் மணிக்கு, ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கும் அந்தக் காது மூக்கு தொண்டை மருத்துவமனையில் மொத்தம் ஐந்து பேர் இருந்தார்கள்.

டாக்டர் லக்ஷ்மிநாராயணன். மருத்துவமனை அவருடையது. முப்பது வருடப் பெயர்.

நர்ஸ் பிளஸ்ஸி.

வாட்ச்மேன் பாலு.

மேற்குத் தாம்பரம் அத்தர் கடை முதாசிர்.

ஜெர்சன். வாசனை இழந்த மூக்குகளுக்கு ஒரு புது மருந்து வேலை செய்கிறதா என்று அங்கே நாற்பது பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதன் பதிவுகளைக் கவனித்துக்கொண்டவன்.

ஐந்து பேரில் நான்கு பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜெர்சன் முதல் மாடியில், காது கேட்கும் திறனைச் சோதிக்கும் கண்ணாடி அறைக்குள், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். காதில் ஹெட்போன். அதன் ஒயர் கழுத்தில் மூன்று சுற்று...

அவன் கத்தியிருப்பான். ஆனால் சத்தம் நுழையாதபடி கட்டிய அறை அது. சத்தம் வெளியேறவும் செய்யாது.

பிளஸ்ஸி கதவைத் திறந்துவிட்டுப் போட்ட அலறல்தான் அந்தக் கொலையைச் சொல்லி வெளியே கேட்ட முதல் சத்தம்.

முதாசிரின் தகப்பனார் அப்துல் கஃபார் அந்த ஐந்து பேரில் இல்லை. ஆனால் தலை குனிய வேண்டியவர் அவர்தான்.

---

ஜும்மா தொழுகை முடிந்து பள்ளிவாசலிலேயே உட்கார்ந்திருந்த கஃபாருக்கு மூன்றேகாலுக்கு போன் வந்தது. சேலையூர் தாண்டும்வரை ஆட்டோக்காரன் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தான். அவர் காதில் ஒன்றும் ஏறவில்லை.

அறுபத்தாறு வயது. முதுகு மட்டும் இன்னும் வளையவில்லை. மூன்று தலைமுறையாக அத்தர் விற்கும் குடும்பம். கல்யாணமா, பெருநாளா, "கஃபார் பாய் ஒரு தடவ மோந்து பாத்துட்டா போதும்" என்பார்கள். அவர் வம்சத்தில் ஒருவனும் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியதில்லை.

இன்ஸ்பெக்டர் தேவானந்தம் மருத்துவமனை வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். ரிட்டயர்மென்டுக்கு ஏழு மாதம் இருந்தது. முகத்தைப் பார்த்தால் ஏழு மாதம் கடந்துவிட்ட மாதிரி இருந்தது.

நடந்ததை அவர் சுருக்கமாகச் சொன்னார். இரண்டேகாலுக்கு முதாசிர் பைக்கில் வந்தான். மாடிக்குப் போய் ஜெர்சனின் சட்டையைப் பிடித்தான். கன்னத்தில் ஓர் அறை. பாலுதான் விலக்கிவிட்டுக் கீழே கூட்டி வந்தான். பத்து நிமிடம் கழித்து முதாசிர் மறுபடியும் மாடி ஏறினான். அதன் பிறகு ஜெர்சனை உயிரோடு பார்த்தவர்கள் யாரும் இல்லை.

பாலு கையைக் கட்டிக்கொண்டு சாட்சி சொன்னான்.

"வெலக்கிவுட்டப்பறம் நா கேட்டாண்டயேதான் சார் குந்திகினு இருந்தேன். இவரத் தவுர ஒரு ஈ காக்கா உள்ள வர்ல. பெரியவரே, தப்பா நெனச்சுக்காத. கண்ணால பாத்தத சொல்லாம இருக்க முடியுமா?"

"சொல்லு. பார்த்ததச் சொல்றது தப்பில்ல" என்றார் கஃபார்.

தேவானந்தம் கொட்டாவியை அடக்கினார்.

"பாய், உங்க மகன் சண்டை போட்டதை ஒத்துக்கறான். அடிச்சதை ஒத்துக்கறான். ரெண்டாவது தடவ மேல போனப்ப ஆபீஸ் ரூம் காலியா இருந்துச்சு, தேடிட்டு இறங்கிட்டேங்கறான். சரி. எதுக்கு சண்டைன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறான். நான் என்ன செய்யட்டும்? அஞ்சு நிமிஷம் தரேன். நீங்க பேசுங்க."

பெஞ்சின் ஓரத்தில் முதாசிர். முப்பத்து நான்கு வயது ஆள், பள்ளிக்கூடத்தில் முட்டி போட்டவன் போல இருந்தான்.

"எதுக்குடா அடிச்சே?"

முதாசிர் செருப்பு நுனியால் தரையைக் கீறினான்.

"முதாசிர். நான் கேக்கறேன்."

அவன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அத்தா... மத்தியானம் கடை போனுக்கு அவன் அடிச்சான். பதினேழாம் நம்பர் பேஷண்ட் அப்துல் கஃபார் உங்க வீடுதானேன்னான். வாசனை தெரியாததுக்கு மருந்து எடுக்கறாரே, அவருன்னான். எனக்குத் தலை சுத்திடுச்சு."

கஃபாரின் முதுகு முதல் தடவையாகச் சற்று வளைந்தது.

ஆம். நான்கு வருடமாக அவருக்கு வாசனை கிடையாது. கொரோனா காய்ச்சல் போனபோது மூக்கையும் கொண்டுபோயிற்று. மல்லியும் தெரியாது, மண்ணெண்ணெயும் தெரியாது. கடையில் நிறத்தைப் பார்ப்பார், சீசாவின் சீட்டைப் பார்ப்பார், அத்தர் தோய்த்த குச்சியை மூக்கருகே கொண்டுபோய்ப் புருவத்தை உயர்த்துவார். மனைவி நூர் பீவிக்கே தெரியாது. மேற்குத் தாம்பரத்து ஆள் ஒருவன்கூட வராத இடமாகத் தேடித்தான் இந்த ராஜகீழ்ப்பாக்கம் ஆராய்ச்சியில் சேர்ந்தார். பெயர் வெளியே போகாது, வெறும் நம்பர்தான் என்றார்கள்.

"அதுக்கா அடிச்சே?"

"இல்ல அத்தா. அப்புறம் கேட்டான் பாருங்க... நோன்பு மாசம் முப்பது நாளும் உங்க அத்தா மத்தியானம் ரெண்டு மணிக்கு மூக்குல மருந்து அடிச்சாராமே, உண்மையான்னு. எங்க அத்தா நோன்ப முறிச்சாரான்னு ஒருத்தன் கடை போன்ல கேக்கறான்! பைக்க எடுத்துட்டு வந்துட்டேன். அறைஞ்சதுக்கப்புறம் மனசு கேக்கல. அந்த பேப்பரக் கிழிச்சுப் போட்டுடுப்பான்னு கெஞ்சலாம்னுதான் திரும்ப மேல போனேன். அவ்ளோதான். சத்தியமா கொல்லல."

"இத ஏன் இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லல?"

"சொன்னா கடை என்ன ஆவறது? உங்க பேரு என்ன ஆவறது? நான் உள்ள போறேன். நீங்க வாயத் தொறக்காதீங்க."

கஃபார் மகனையே பார்த்தார். மானத்தைக் காப்பதற்கு அவர்தான் அவனை வளர்த்தார். அது இப்படி வந்து முன்னால் நிற்கும் என்று நினைக்கவில்லை.

அப்புறம்தான் அது அவருக்கு உறைத்தது.

மருந்து ஒரு நாளைக்கு மூன்று வேளை. மூக்கில் மருந்து விட்டால் நோன்பு முறியும் என்று கேட்டு வளர்ந்தவர் அவர். அதனால் நோன்பு மாதத்தில் விடியுமுன் சஹர் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை, சாயங்காலம் நோன்பு திறந்த பிறகு ஒரு தடவை. மதிய வேளையை விட்டுவிட்டார். தினமும் நிரப்பித் தர வேண்டிய அந்தக் குறிப்பேட்டில் மதியக் கட்டத்தைக் காலியாக விட்டுப் பக்கத்தில் 'நோன்பு' என்று தன் கையால் எழுதினார். அதை ஜெர்சன் கையில்தான் கொடுத்தார்.

அப்படியானால் இரண்டு மணி என்று எழுதியது யார்?

எழுந்தார். முட்டி வலித்தது. ஒரு வாக்கியம் சொன்னால் மகன் பிழைப்பான். அதே வாக்கியத்தில் மூன்று தலைமுறைப் பெயர் தரைமட்டம். களைப்பாக இருந்தது. நான்கு வருடம் நடித்த களைப்பு.

வரவேற்பறை நடுவில் போய் நின்றார். டாக்டர், பிளஸ்ஸி, பாலு, இரண்டு கான்ஸ்டபிள்கள், எல்லாரும் இருந்தார்கள்.

"இன்ஸ்பெக்டர் சார். இந்த ஆராய்ச்சியில பதினேழாம் நம்பர் நான்தான். எனக்கு வாசனை தெரியாது. என் ஃபைலக் கொண்டு வரச் சொல்லுங்க."

பாலு வாயைப் பிளந்தான்.

"அத்தர்க்கட பாய்க்கா?"

---

ஃபைல் வந்தது. குறிப்பேடு புத்தம் புதிதாக இருந்தது. முப்பது நோன்பு நாள், முப்பது மதியம், இரண்டு மணிக்கு நேராக முப்பது டிக். ஒன்றுகூடக் கோணவில்லை. கடைசிப் பக்கத்தில் வாசனைச் சோதனை முடிவு... பதினாறுக்குப் பதினான்கு.

"இது என் கையெழுத்தே இல்ல" என்றார் கஃபார். "எந்த முஸ்லிமும் நோன்பு மாசம் பூரா இப்படி எழுத மாட்டான். எழுதினவருக்கு எங்க வீட்டு வழக்கம் தெரியாது. ஜெர்சன் ரெண்டு குறிப்பேட்டையும் பார்த்திருக்கான். எது நெசம்னு கேக்கத்தான் போன் பண்ணியிருக்கான்."

தேவானந்தத்தின் கண்கள் அன்றைக்கு முதல் தடவையாக முழுதாகத் திறந்தன. டாக்டரைப் பார்த்தார்.

லக்ஷ்மிநாராயணன் அலட்டிக்கொள்ளவில்லை. பாய் பூரணமாகக் குணமாகிவிட்டார், சோதனை செய்தவன் நான், மகனைக் காப்பாற்றப் பெற்றவர் பொய் சொல்கிறார், அதில் ஆச்சரியம் என்ன என்று நிதானமாகச் சொன்னார்.

"டாக்டர் சொல்றதும் நியாயம்தானே பாய்" என்றார் இன்ஸ்பெக்டர். "தெரியலன்னு யார் வேணா சொல்லலாம். எப்படி நம்பறது?"

"சோதிச்சுப் பாருங்க."

பிளஸ்ஸி வாசனைக் குச்சிகளைக் கொண்டுவந்தாள். கஃபார் கண்ணை மூடினார். கிராம்பு. தெரியவில்லை. எலுமிச்சை. தெரியவில்லை. மீன். தெரியவில்லை. பிறகு தன் சட்டைப் பையிலிருந்து சொந்தக் கடை அத்தரை எடுத்து அவரே மூக்கின் கீழ் பிடித்தார். தகப்பனார் கற்றுக்கொடுத்த கலவை.

"இதுவும்" என்றார்.

முதாசிர் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நல்ல நடிப்பு" என்றார் டாக்டர்.

பிளஸ்ஸி தயங்கினாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு சின்னக் கறுப்புச் சீசாவை எடுத்தாள். டாக்டரின் தாடை இறுகியது.

"அதெல்லாம் வேணாம் பிளஸ்ஸி."

"வேணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

சீசாவை மூக்கருகே கொண்டுபோன நொடியில் கஃபாரின் தலை பின்னுக்கு வெட்டியது. கண்ணில் நீர் கொட்டியது. இருமினார்.

முதாசிர் திகைத்து எழுந்தான். டாக்டர் சிரித்தார்.

"பாத்தீங்களா இன்ஸ்பெக்டர்? மூக்கு நல்லாத்தான் வேலை செய்யுது."

"இல்ல சார்." பிளஸ்ஸி சீசாவை மூடினாள். "இது அம்மோனியா. இது வாசனை நரம்புல போறதில்ல. எரிச்சலுக்கு வேற நரம்பு. வாசனை சுத்தமா போனவங்களுக்கும் இது எரியும். நடிக்கறவங்கதான் இதுக்கும் ஒண்ணும் தெரியலன்னு சாதிப்பாங்க. பொய் சொல்றவங்களக் கண்டுபிடிக்கறதுக்குத்தான் இந்த சீசாவே."

"யாரும்மா சொன்னது?"

"டாக்டர்தான் சார். முதல் வாரமே எனக்குச் சொல்லிக் குடுத்தார்."

டாக்டர் க்ளவுஸ் போட்ட கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

தேவானந்தம் மெதுவாக எழுந்து டாக்டரின் அருகே போனார்.

"பாடிய எடுத்துட்டுப் போயி அரை மணி ஆச்சு டாக்டர். இன்னிக்கு மத்தியானம் பேஷண்டும் கிடையாதுன்னாங்க. இன்னும் எதுக்கு கையில க்ளவுஸ்? கழட்டுங்களேன்."

டாக்டர் கழற்றவில்லை.

கான்ஸ்டபிள் கழற்றினார்.

இரண்டு உள்ளங்கைகளிலும் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு. ஒயரின் தடிமன்.

டாக்டரின் மேஜை இழுப்பறையிலிருந்து பழைய குறிப்பேடு கிடைத்தது. கஃபாரின் கையெழுத்தில் முப்பது 'நோன்பு'.

அப்புறம் லக்ஷ்மிநாராயணன் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். மருந்து வேலை செய்யவில்லை. அடுத்த மாதம் டெல்லி மாநாட்டில் அதைத் தன் கண்டுபிடிப்பாக அறிவிப்பதாகச் சொல்லிவிட்டார். பதினோரு பேருடைய ஏடுகளைத் திருத்தினார். பத்துப் பேருடையதை ஜெர்சன் கவனிக்கவில்லை. பதினேழில் மாட்டினார். நெறிமுறைக் குழுவுக்கு இன்றே எழுதுகிறேன் என்றான் ஜெர்சன். கண்ணாடி அறைக்குள் வா, தனியாகப் பேசலாம் என்று கூப்பிட்டார்...

"முப்பது வருஷப் பேரு பாய்" என்றார் கஃபாரைப் பார்த்து. "உங்களுக்குப் புரியும்."

"புரியுது" என்றார் கஃபார். "அதான் பயமா இருக்கு."

---

மூன்று நாள் கஃபார் கடையைத் திறக்கவில்லை. பாலு வாயில் விழுந்த செய்தி பீர்க்கன்கரணைவரை போயிருக்கும். மூக்கில்லாத அத்தர்க்காரன்! நூர் பீவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அதற்கென்ன, என் குழம்பைக் குறை சொல்லாமல் நாலு வருஷம் சாப்பிட்டீங்களே, அப்பவே தெரியும் என்றுவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஷட்டரைத் தூக்கினார். அவமானத்துக்குத் தயாராக, முதுகை நிமிர்த்திக்கொண்டு.

வாசலில் இருபது பேர் நின்றார்கள்!

அஸ்தினாபுரத்திலிருந்து ஒரு மாப்பிள்ளைப் பையன் முண்டியடித்து முன்னால் வந்தான்.

"பாய், ஊரே உங்களப் பத்திதான் பேசுது. டாக்டர் கைய ஒரே ஒரு தடவ மோந்து பாத்தீங்களாமே? இவன்தான் கொலைகாரன்னு பட்டுனு சொல்லிட்டீங்களாமே? என்னா மூக்கு பாய் உங்களுது! என் கல்யாணத்துக்கு நீங்களே மோந்து பாத்து ஒண்ணு எடுத்துக் குடுங்க."

முதாசிர் கல்லாவிலிருந்து தகப்பனைப் பார்த்தான். சும்மா இருங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினான். சும்மா இருந்தால் போதும். பெயர் பிழைத்தது, முன்னைவிடப் பெரிதாக.

கஃபார் தொண்டையைச் செருமினார்.

"அது பொய். நான் யார் கையையும் மோந்து பார்க்கல. எனக்கு வாசனை தெரியாது. நாலு வருஷமாச்சு."

கூட்டம் ரசித்துச் சிரித்தது.

"பாய்க்கு எப்பவும் அடக்கம்தான்" என்றான் மாப்பிள்ளை.

"அடக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. எனக்கு ஜன்னத்துல் ஃபிர்தவ்ஸ் அத்தரும் கார்ப்பரேஷன் குப்பை லாரியும் ஒண்ணுதான். எதைக் கட்டித் தரட்டும்?"