கிளியோடை அருவியில் குளித்தவன்

"ஐயய்யோ… பொணம்!"

பழனியம்மாள் போட்ட அலறலில், அவள் கூடையிலிருந்த மாங்காய்த் துண்டுகள் ஓடையில் கொட்டின.

கன்னிவாடி மலையடிவாரம். கிளியோடை அருவிப் பூங்கா. ஓர் அருவி, நாலு சிமெண்ட் பெஞ்ச், உடைந்த ஊஞ்சல்… அவ்வளவுதான் பூங்கா!

வேலிக்கு அப்பால், ஓடை வளைவில் குப்புறக் கிடந்தான் பாண்டியராஜ். பக்கத்துத் தென்னந்தோப்புக்காரன். பின்மண்டை பிளந்திருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் கௌசல்யா வந்தபோது வெயில் ஏறியிருந்தது.

பாண்டியராஜின் மனைவி ஜீவிதா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியா எப்பம்மா பாத்தே?"

"ராத்திரி தோப்புக்குத் தண்ணி பாச்சப் போனாரு. கொழுந்தனும் கூடப் போனாரு. ரெண்டு பேரும் திரும்பி வரல."

கொழுந்தன் கண்ணன் முன்னால் வந்தான். சித்தையன்கோட்டைக்காரன். தோப்பில் பங்கு கேட்டு வந்து, அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டவன்.

"விடிகாலையில வேலை முடிஞ்சுச்சு மேடம். அருவியில குளிச்சிட்டுப் போவோம்னாரு. வேலியில நொழஞ்சு வந்தோம். தண்ணி அடிச்ச அடியில வழுக்கி, பாறையில மண்டை மோதி… அப்படியே ஓடை இழுத்துட்டுப் போயிருச்சு!"

"கத்த வேண்டியதுதானேய்யா?"

"கத்துனேன் மேடம். இந்தத் தண்ணிச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? அம்புட்டு நேரமும் தேடிக்கிட்டேதான் இருந்தேன்."

துடைப்பத்தோடு நின்ற மிக்கேல்ராஜ் வாயைத் திறந்தான். பூங்காவின் தினக்கூலி ஆள்.

பொறுப்பாளர் கிளெமென்ட் அவன் முழங்கையைப் பிடித்து மரத்துக்குப் பின்னால் இழுத்தார்.

"ஏலே, என்ன சொல்லப் போற?"

"விடிகாலையில ஏது சார் அருவி? கேட் தொறக்குற நேரத்துக்கு நாந்தானே மேல ஏறி தடுப்பணை ஷட்டரைத் திருப்பி விடுறேன்? அதுவரைக்கும் வெறும் பாறை. இவன் பொய் சொல்றான்!"

"மெதுவாப் பேசுலே! மழையில்லாத மாசத்துல தண்ணியத் தேக்கி வச்சுத்தான் அருவி காட்டுறோம்னு வெளிய தெரிஞ்சா, பூங்காவை இழுத்து மூடிருவாங்க. உன் சோறு, என் சோறு, பழனியம்மா சோறு… எல்லாம் போச்சு!"

"அப்ப கொலை பண்ணவன்?"

"நீயா செத்தே? போயி வேலையப் பாரு."

மிக்கேல்ராஜுக்குக் கோபம் வரவில்லை. பயமும் வரவில்லை. மனசு மரத்துப்போன கால் மாதிரி இருந்தது. கிள்ளினாலும் தெரியாது.

துடைப்பத்தை மரத்தில் சாய்த்தான். நடந்தான்.

"விபத்துதான் போல. கையெழுத்தைப் போடு" என்றாள் கௌசல்யா.

கண்ணன் பேனாவை வாங்கினான். "அழாதீங்க அண்ணி. தோப்பை நான் பாத்துக்கிறேன்."

அவள் அழவேயில்லை.

"தண்ணி…" என்றாள் ஜீவிதா.

"குடிக்கவா அண்ணி?"

"தண்ணி நிக்கிது."

எல்லோரும் திரும்பினார்கள்.

அருவி இளைத்தது… கயிறானது… நூலானது… சொட்டியது…

நின்றது!

இரைச்சல் போன இடத்தில் எங்கோ ஒரு குருவி கத்துவது கேட்டது. கிளெமென்ட் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மேட்டுப் பாதையில் மிக்கேல்ராஜ் இறங்கி வந்தான். உள்ளங்கையில் துரு.

"யாருய்யா அருவியை நிறுத்துனது?" கௌசல்யாவின் குரல் உயர்ந்தது.

"நான்தாம்மா. காலையில தொறப்பேன், சாயங்காலம் மூடுவேன். ராத்திரியும் விடிகாலையும் இங்க இப்படித்தான் இருக்கும்."

கௌசல்யா காய்ந்துகொண்டிருந்த பாறையைப் பார்த்தாள். பிறகு கண்ணனைப் பார்த்தாள்.

"அப்ப… எந்தத் தண்ணி உங்கண்ணனை அடிச்சுச்சு?"

பேனா கீழே விழுந்தது.

"நா… நான் பாத்தப்பல்லாம் ஓடிச்சே மேடம்…"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்து பாத்திருப்பே!"

கண்ணன் பாய்ந்தான். பாறை மேலேறி ஓடினான். பாசி…

சறுக்கினான்! முகம் குப்புற விழுந்தவனின் கையில் கான்ஸ்டபிள் விலங்கை மாட்டினார்.

ஜீவிதா எழுந்து, அவனைத் தாண்டி, ஆம்புலன்ஸை நோக்கி நடந்தாள்.

"கெடுத்துட்டியேலே!" கிளெமென்ட் பல்லைக் கடித்தார். "இனி எவன் இங்க டிக்கெட் எடுப்பான்?"

மிக்கேல்ராஜ் துடைப்பத்தை எடுத்தான்.

"எடுப்பான் சார்… தண்ணியே இல்லாம ஆளை வழுக்கி விடுற அருவி வேற எந்த ஊர்ல இருக்கு?"