தீபாவளி லேகியமும் குடற்காவலனும்

காலை ஐந்து மணி அடிப்பதற்குள் தமிழ்நாட்டு இதயக்காரர்களில் பாதிப்பேருக்கு வயிற்றில் ரத்தம் கொட்டத் தொடங்கிவிட்டது. திருச்சி கண்காணிப்பு நடுவத்தின் சுவர்த்திரை அப்படித்தான் சொன்னது. பச்சைப் புள்ளிகளாக இருந்தவர்கள் எல்லாம் மளமளவென்று சிவப்பாகிக்கொண்டிருந்தார்கள். கும்பகோணம் சிவந்தது, மதுரை சிவந்தது, சென்னைப் பக்கம் கண்கொண்டு பார்க்க முடியவில்லை.

"அக்கா, ஓடி வாங்க! ஊரே ரத்தம் கக்குது!" என்று ரஃபீக் கத்தினான்.

நடுவத்தின் தலைவி மங்கையர்க்கரசி கையில் பல் துலக்கும் பிரஷோடு ஓடி வந்தாள். தீபாவளி என்று மற்ற எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. "எனக்கென்ன தீபாவளி, நான் பாத்துக்கறேன்" என்று ரஃபீக் தானாக முன்வந்திருந்தான். தலைவியாகிப்போன பாவத்துக்கு மங்கையும் தங்கிவிட்டாள்.

"காவலனுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சா?"

"எல்லாக் காவலனுக்கும் ஒரே நேரத்துலயா பிடிக்கும்?"

நியாயமான கேள்விதான். குடற்காவலன் அவ்வளவு லேசில் பைத்தியம் பிடிக்கிற கருவி அல்ல. நாவற்பழக் கொட்டை அளவு இருக்கும். ஒருமுறை விழுங்கினால் போதும், இரைப்பைச் சுவரில் ஒட்டிக்கொண்டு அங்கேயே குடித்தனம் நடத்தும். இதயக் குழாயில் அடைப்பு வந்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் இதயம் பிழைக்கும், ஆனால் வயிற்றில் ஒரு சின்னப் புண் இருந்தாலும் ரத்தம் நிற்காது. பயந்து மருந்தை நிறுத்தினாலோ குழாய் அடைத்துக்கொள்ளும். இதயத்துக்கும் வயிற்றுக்கும் நடக்கும் இந்தத் தீராத சண்டையைத் தீர்க்கத்தான் காவலன் வந்தது. மருந்தைச் சொட்டுச் சொட்டாக அதுவே விடும், புண்ணைக் கண்டால் பசை பூசும், ரத்தக் கசிவைக் கண்டால் அந்த நொடியே மருந்தை மூடிவிடும். அது வந்த இந்த ஏழெட்டு மாதத்தில் இதயக்காரர்கள் வீட்டில் பத்தியம் என்ற பேச்சே போய்விட்டது. சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அதுதான் உள்ளேயே ஒருவன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறானே!

இப்போது அத்தனை காவலன்களும் மருந்தை மூடிவிட்டன. பொழுது சாய்வதற்குள் திறக்காவிட்டால் குழாய்கள் அடைக்க ஆரம்பிக்கும்.

"இவ்வளவு பேருக்கு ஒண்ணா புண்ணு வராது ரஃபீக். எல்லாரும் எதையோ ஒண்ணு சாப்பிட்டிருக்காங்க. காவலன் ரத்தத்தை எப்படிக் கண்டுபிடிக்குது?"

"அமிலத்துல விழுந்த ரத்தம் தார் மாதிரி கருப்பாயிரும். கருப்பும் இருக்கணும், இரும்புச் சத்தும் இருக்கணும். ரெண்டும் சேந்தாத்தான் மணி அடிக்கும்." சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான். தன் டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தான். "அக்கா... எதிர்வீட்டுக்காரங்க நேத்தே கொடுத்துவிட்டாங்க. காலையில வெறும் வயித்துல சாப்பிடணுமாம்."

உள்ளே நெல்லிக்காய் அளவு உருண்டை. கன்னங்கரேலென்று இருந்தது, நெய் மினுங்கியது.

லேகியம்! சுக்கும் மிளகும் திப்பிலியும் இடித்துப்போட்டு, கருப்பட்டிப் பாகில், இரும்புச் சட்டியில் மணிக்கணக்காகக் கிண்டிய தீபாவளி லேகியம். கருப்புக்குக் கருப்பு, இரும்புக்கு இரும்பு. எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு ஊரே ஒரு உருண்டை வாயில் போட்டிருக்கிறது. காவலனைச் செய்தவர்கள் பிரியாணி முதல் கருவாடு வரை கொடுத்துச் சோதித்திருந்தார்கள். வருஷத்தில் ஒரே ஒரு காலை மட்டும் சாப்பிடும் பண்டத்தை யாரும் நினைக்கவில்லை.

மேசைமேல் சோதனைக்காக ஒரு காவலன் கண்ணாடிக் குடுவையில் மிதந்துகொண்டிருந்தது. மங்கை ஒரு விரல் லேகியத்தை வழித்து உள்ளே போட்டாள். குடுவை சிவப்பாக அலறியது.

"பிடிச்சாச்சுடா தம்பி!" என்று மங்கை குதித்தே விட்டாள். ரஃபீக் மிச்ச லேகியத்தை ஆனந்தத்தில் வாயில் போட்டுக்கொண்டு, காரத்தில் கண் கலங்கினான்.

அடுத்த வேலை மின்னல் வேகத்தில் நடந்தது. "இன்று லேகியம் சாப்பிட்டாச்சா?" என்று, காவலனோடு சேர்த்து எல்லாரும் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கைப்பட்டையில் குரல் கேட்டது. ஆச்சு என்று சொன்னவருக்கெல்லாம் மருந்து திறந்தது. ஆச்சு, ஆச்சு, ஆச்சு என்று பதில்கள் கொட்டின. திரை பச்சை பிடித்துக்கொண்டே வந்தது. பதில் சொல்லாத சிலரை ஃபோனில் அழைக்க வேண்டியிருந்தது. அதில் ஒரு பெயரைப் பார்த்து மங்கை சிரித்தாள். கும்பகோணம் கோதண்டபாணி, அவளுடைய சொந்தத் தாய்மாமன்.

"மாமா, மங்கை பேசறேன். தீபாவளியும் அதுவுமா கைப்பட்டையைக் கழட்டி வச்சிட்டீங்களா? லேகியம் சாப்..."

"ஆச்சும்மா, ஆச்சு. எல்லாம் ஆச்சு." மாமாவின் குரல் கொஞ்சம் தணிவாக இருந்தது. "நீ சாப்டியா?"

"ஆச்சு மாமா. வச்சிடவா? இங்க ஒரே களேபரம்."

அவருக்கும் மருந்தைத் திறந்துவிட்டாள். புள்ளி பச்சையானது. மங்கை அடுத்த பெயருக்குக் கையை நீட்டினாள், பாதியில் நின்றுவிட்டாள்.

"ரஃபீக், நான் இன்னும் பச்சத்தண்ணி கூடக் குடிக்கல."

"காபி போடவா?"

"அது இல்லடா! மாமா கேட்டதும் ஆச்சுன்னு சொன்னேன். யோசிக்கவே இல்ல, வாய் தானா சொல்லிருச்சு. அப்ப அவரு சொன்னது?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அத்தை போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அந்த வீட்டில் ஏது தீபாவளி, ஏது லேகியம்? எண்ணெய்ச் சட்டியே ஏறாத வீட்டில் அந்த மனுஷன் தனியாக உட்கார்ந்திருக்கிறார். அவருடைய வயிற்றில் கருப்பாக இருந்தது லேகியம் அல்ல. ஐயோ, மருந்தைத் திறந்தது அவள் கைதானே!

மாமாவின் மருந்தை அவள் அவசரமாக மூடினாள். மறுபடி அழைத்தாள்.

"மாமா, லேகியத்தைக் கிண்டினது யாரு?"

"அது... இருக்கட்டும்மா, விடு."

"மாமா! எழுந்து நின்னா தலை சுத்துதா?"

"நேத்துலேருந்தே ஒரு மாதிரியாத்தான் இருக்கும்மா. வெளிக்குப் போனா கருப்பாப் போவுது. நல்ல நாளும் அதுவுமா உங்கிட்ட போய் இதைச் சொல்லணுமான்னு..."

"கதவைத் திறந்து வச்சிட்டுப் படுங்க! எழுந்திரிக்கவே கூடாது!"

ஆம்புலன்ஸ் போனபோது மாமாவுக்கு நினைவு தப்பியிருந்தது. இரைப்பைக்குக் கீழே, காவலனின் பசை எட்டாத வளைவில் புண். ரத்தம் மேலேறி இரைப்பைக்கு வந்த பிறகுதான் காவலனுக்கே தெரிந்திருக்கிறது. குழாய் விட்டு ரத்தத்தை அடைத்து, வேறு ரத்தம் ஏற்றி, ஆளை மீட்டுவிட்டார்கள். திறந்த மருந்து இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் மீட்டிருக்க முடியாது என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டு மங்கை வாய்விட்டு அழுதாள்.

அழுதுகொண்டே அவள் செய்த காரியம்தான் அன்றைய வெற்றி. ஆச்சு என்று பதில் சொல்ல முடியாத கேள்வியாக எல்லாரிடமும் திரும்பக் கேட்க வைத்தாள்: "லேகியத்தைக் கிண்டியது யார்?" மனைவி, மாமியார், முக்குக் கடை என்று பதில்கள் வந்தன. லேகியமே சாப்பிடாமல் ஆச்சு என்றுவிட்டு, இப்போது பேந்தப் பேந்த விழித்தவர்கள் ஒரு பிடி அளவு தேறினார்கள். அவர்களையும் காப்பாற்றியாகிவிட்டது. பத்திரிகைகள் கொண்டாடின. எழுந்து உட்கார்ந்த மாமா, "நீ ஃபோன் பண்ணினதே வயிறு நெறஞ்ச மாதிரி இருந்துச்சு, அதான் ஆச்சுன்னுட்டேன்" என்றார். மங்கைக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

காவலனைச் செய்த நிறுவனம் சும்மா இருக்குமா? மனிதர்கள் கேட்டுக்கொள்ளாததால்தானே இந்த வினை என்று, காவலனுக்கே பேச்சைக் கொடுத்தது. தினமும் கைப்பட்டை வழியாக அது தன் ஆளிடம் பேசும். என்ன சாப்பிட்டீர்கள், தூங்கினீர்களா என்று கேட்கும். நடுவத்துக்கும் தானே வாயால் செய்தி சொல்லும். பேச்சை யார் கற்றுக்கொடுப்பது? வயிற்றில் சுமக்கிறவர்களிடமிருந்தே கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். மாதக்கணக்காக அது கேட்டுக் கேட்டுக் கற்றது. வீட்டு மனிதர்களைப் போலவே பேசுகிறது என்று எல்லாருக்கும் வாயெல்லாம் பல்.

அடுத்த தீபாவளிக்கு முந்தின நாள், பட்டாசுச் சத்தத்துக்கு நடுவில் நடுவம் தயாரானது. இந்த முறை எல்லாருக்கும் லேகியம் தெரியும், காவலன் உட்பட. ரஃபீக் உற்சாகமாக ஒலிவாங்கியைப் பிடித்தான்.

"காவலர்களே! எல்லாரும் புண் இருக்கான்னு பாத்து, மருந்து விட்டாச்..."

"ஆச்சு!" என்று கேள்வி முடியும் முன்பே அத்தனை காவலன்களும் ஒரே குரலில் சொல்லின. திரை முழுக்கப் பச்சை.

"பாத்தீங்களாக்கா, என்ன வேகம்!" ரஃபீக் கைதட்டினான்.

மங்கை கைதட்டவில்லை. அவள் மேசைமேலிருந்த கண்ணாடிக் குடுவையைப் பார்த்தாள். சோதனைக் காவலனின் மருந்துக்கு நீல நிறம். அது ஒரு சொட்டு விட்டிருந்தாலும் குடுவைத் தண்ணீர் நீலமாகியிருக்க வேண்டும். தண்ணீர் தெளிவாக இருந்தது.

அவள் குனிந்து, குடுவையிடம் மெதுவாகக் கேட்டாள். "நீ மருந்து விட்டியா?"

"ஆச்சும்மா, ஆச்சு. எல்லாம் ஆச்சு" என்றது காவலன், மிகுந்த அன்போடு. "நீங்க சாப்டாச்சா?"

காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"ஆச்சு" என்றாள் மங்கை.